ஐ7-ஐ விடுங்கள், கார்டைப் பாருங்கள்

நண்பரே, சேலம் ஐந்து ரோடு கடையில் ஒரே விலைக்கு இரண்டு ரெடிமேட் கம்ப்யூட்டர் காட்டினார்கள் என்கிறீர்கள்: ஐ7 பிராசசருடன் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, ஐ5-உடன் ஆர்டிஎக்ஸ் 4060. ஏற்காட்டு வீட்டில் 1080பி மானிட்டரில் கேம் விளையாடத்தானே? யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதை எடுங்கள். 'ஐ7' என்ற ஸ்டிக்கர் விற்பதற்கு உதவும், கேமின் காட்சிகளை ஓட்டுவது கார்டுதான்.

3050 என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. 8 ஜிபி மெமரி உள்ள கார்டில் 2560 கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்); 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் 2304தான். பெயர் ஒன்று, சரக்கு வேறு. அதனால் எந்தக் கார்டானாலும் எத்தனை ஜிபி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 4060-இல் இருப்பதும் 8 ஜிபிதான்; சில புது கேம்களில் டெக்ஸ்சரை (பரப்புகளின் நுணுக்கத்தை) 'அல்ட்ரா'வில் வைத்தால் திணறும், ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். 115 வாட்தான் இழுக்கும் என்பதால் நல்ல 550 வாட் பவர் சப்ளை போதும். 'நல்ல' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய ரெடிமேடில் பெயரே இல்லாத ஒரு டப்பாவை வைத்திருந்தார்கள், ஆறே மாதத்தில் புகை!

அப்புறம், மலை ஏற்றும்போது 20 கொண்டை ஊசி வளைவு. கேபினெட்டை நிற்க வைக்காமல், கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். அப்போதுதான் கார்டின் எடை ஸ்லாட்டை வளைக்காது. வீட்டில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிவிடாதீர்கள், கார்டில் சொருகுங்கள்.