மகளின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தீர்களா?

அம்மா, உங்கள் மகள் வேலை பார்க்கும் கடையில், வாங்கிய பொருளைத் திருப்பித் தர வந்தவர் ஆத்திரத்தில் வீசிய பெட்டி அவளது மணிக்கட்டைப் பதம் பார்த்தது முதல் நீங்கள் உறக்கமின்றி இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால், "எம்.பி.ஏ. சேர்த்துவிட்டால் பத்திரமாக அறைக்குள் உட்கார்ந்துகொள்வாள்" என்று உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கடையில் சண்டை முற்றினால் முதலில் அழைக்கப்படுபவரே மேலாளர்தான்.

என்னிடம் வந்த அன்று அவள் மடியில் வைத்திருந்த குறிப்பேட்டை நான் வாங்கிப் பார்த்தேன். தகராறு எந்த நேரத்தில், எந்தக் கவுன்டரில், எதனால் தொடங்கியது என்று தேதி வாரியாக எழுதியிருக்கிறாள். கவுன்டரிலிருந்து வெளியேறும் ஒரே வழி வாடிக்கையாளர் நிற்கும் பக்கமே இருப்பதைப் படமாகவும் வரைந்திருக்கிறாள். யாரும் சொல்லித்தராமலே அவள் செய்திருப்பது இடர் மதிப்பீடு. தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் அன்றாட வேலையே அதுதான்.

'பொறுமையாகப் பேசு' என்று ஊழியருக்குப் புத்தி சொல்வதற்கு முன், கல்லாவில் பணத்தைக் குறைவாக வைப்பது, கவுன்டர் வெளியிலிருந்து தெரியும்படி அமைப்பது, கடையடைக்கும் நேரத்தில் இருவரை நிறுத்துவது என ஆபத்தை அதன் வேரிலேயே குறைக்க இத்துறை வழி தேடுகிறது. அடிதடி மட்டுமல்ல, வழுக்கும் தரையும் ஏணியும் சுமையும் அதன் பொறுப்பே. அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒருவர் எவ்வளவு எடை தூக்கலாம் என்று கணக்கிடத் தந்த சூத்திரம், எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையில் 23 கிலோவில் தொடங்கி, சுமை உடலை விட்டு விலகவும் இடுப்பு திரும்பவும் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே போகிறது. வாடிக்கையாளரிடமிருந்து வரும் வன்முறையையும் கணக்கில் கொள்ளும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு, 2021இல் நடைமுறைக்கு வந்தது.

அவள் இத்துறைக்குள் நுழைய ஒரு வழி, பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் தேர்வு வாரியமான நெபோஷ் தரும் பன்னாட்டுப் பொதுச் சான்றிதழ்; அதற்கு முன்பட்டம் தேவையில்லை. ஒரு பணியிடத்துக்கு இடர் மதிப்பீடு எழுதுவதும் அதன் தேர்வில் ஒரு பகுதி. ஆனால் அது மட்டுமே பெரிய பதவியைத் தந்துவிடாது. பாதுகாப்பு அலுவலருக்குத் தனிப் பட்டயத்தைச் சட்டம் கேட்கும் நாடுகளும் உண்டு. நீங்கள் வாழும் இடத்தின் விதியைப் படித்துப் பார்க்காமல் ஒரு காசும் கட்டாதீர்கள். வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையத்தின் வாசலையும் மிதிக்க வேண்டாம். அவள் விரும்பாத எம்.பி.ஏ.வுக்காகக் கடன் வாங்குவதைப் பற்றி என்னிடம் பேசவே வேண்டாம்.

அடுத்த வாரம் அவளைக் குறிப்பேட்டுடன் அனுப்புங்கள். உங்கள் அண்ணன் வர வேண்டியதில்லை.