வீட்டில் புகை வாடை: 1,400 வெள்ளியைக் கார்டில் போடலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்களுடையது. புகைமூட்டம் விலகியும் வாடை போகவில்லை, மாமியாருக்கு ஆஸ்துமா வேறு. ஓசோன் இயந்திரம் வைத்து முழு வீட்டையும் சுத்தம் செய்ய ஒரு நிறுவனம் 1,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறது. சேமிப்பு 6,000 வெள்ளி இருக்கிறது. அதைத் தொடாமல் கிரெடிட் கார்டில் போடலாமா?

பதில்: வேண்டாம். ஓசோனும் வேண்டாம், கார்டும் வேண்டாம். ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு, ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டுக்குள் அதைக் காசு கொடுத்துக் கொண்டுவருவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கார்டு வட்டியோ ஆண்டுக்கு 26 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும், அடைக்காமல் விட்டால் ஒரே வருடத்தில் 350 வெள்ளிக்கு மேல் வட்டிக்கே போய்விடும்.

இந்தோனீசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் சதுப்பு நிலமும் எரிந்து வரும் நுண்துகள்தான் உங்கள் மின்விசிறி இறக்கையிலும் சன்னல் கம்பியிலும் திரைச்சீலை மடிப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. துடைப்பத்தால் கூட்டினால் திரும்பவும் காற்றில் எழும்பும். ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடையுங்கள், துணியை அடிக்கடி அலசி, வாளித் தண்ணீர் கறுத்ததும் மாற்றுங்கள். திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் சலவை இயந்திரத்துக்கு. மாமியாரை மட்டும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள்.

காசு போட வேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று ஏர்கான் சர்வீஸ். இன்னொன்று, மாமியார் படுக்கும் அறையின் அளவுக்கு ஏற்ற, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான், அடுத்த புகைமூட்டத்துக்கும் அது உதவும். வாங்கும் முன்பே மாற்று வடிகட்டி என்ன விலை என்று கேளுங்கள், மலிவான இயந்திரம் வாங்கிவிட்டு அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து 500 வெள்ளி ஒதுக்கி, சேமிப்பிலிருந்தே எடுங்கள். இப்படி அவசரத்துக்கு எடுக்கத்தானே சேமித்தீர்கள்? அப்புறம் மாதம் 100 வெள்ளியாகத் திரும்பப் போட்டுவிடலாம்.

வீவக தீக்காப்புறுதி இதற்கு உதவாது, வீட்டுப் பொருள்கள் அதில் சேராது. பொருள்களுக்குத் தனியாகக் காப்புறுதி இருந்தால், துடைக்கும் முன் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புகையால் வந்த சேதத்துக்குப் பணம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

மாமியாருக்கு இருமலோ இழுப்போ கூடியிருந்தால் துடைப்பதெல்லாம் அப்புறம், முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஆஸ்துமாவுக்கு வெளிநோயாளிச் சிகிச்சையிலும் மெடிசேவ் (மத்திய சேமநிதியில் உள்ள மருத்துவச் சேமிப்பு) பயன்படுத்தலாம், உங்கள் கணவரின் கணக்கிலிருந்தும் எடுக்கலாம்.