சிபேனல் இல்லாத ஹோஸ்டிங் வாங்கலாமா?

கேள்வி: கைத்தறிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வேர்ட்பிரஸில் செய்த சின்ன இணையதளம் உண்டு. ஹோஸ்டிங்கை (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்தின் வாடகையை) புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரு நிறுவனம் சிபேனல் என்ற பேனலோடு (ஹோஸ்டிங்கை பிரவுசரிலேயே நிர்வகிக்கும் பக்கம்) தருகிறது. இன்னொன்று தன் சொந்த பேனலோடு, அதைவிடக் குறைந்த விலைக்குத் தருகிறது. விபிஎஸ் (நாமே நிர்வகிக்கும் தனி மெய்நிகர் சர்வர்) எடுத்து வெப்மின் என்ற இலவச பேனலைப் போட்டுக்கொண்டால் பேனலுக்குக் காசே வேண்டாம் என்கிறான் தம்பி. சர்வரில் உள்ள கோப்புகளை பிரவுசரிலேயே பார்த்து மாற்ற முடிந்தால் எனக்குப் போதும். எதை வாங்குவது?
— வாசகி, சேலம்

பதில்: சொந்த பேனல் உள்ளதே உங்களுக்குப் போதும். ஆனால் பணம் கட்டும் முன் அதன் பைல் மேனேஜரை, அதாவது கோப்புகளைப் பார்த்து மாற்றும் பகுதியை, கண்ணால் பார்த்துவிடுங்கள். டெமோ கேளுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்.

விலையை மாற்றவும் படம் ஏற்றவும் வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கமே போதும். பைல் மேனேஜர் உதவுவது தளம் படுத்துவிட்ட நாளில்தான். பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் வசதி) ஒன்றை அப்டேட் செய்தீர்கள், தளம் வெள்ளைத் திரையாகிவிட்டது, நிர்வாகப் பக்கத்துக்குள்ளும் போக முடியவில்லை என்று வையுங்கள். பைல் மேனேஜரில் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் பிளகின்ஸ் என்று இருக்கும். அதில் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் போதும். வேர்ட்பிரஸ் அதை விட்டுவிட்டு ஓடத் தொடங்கும். கோளாறு அந்த பிளகினால் வந்ததென்றால் தளம் உடனே திரும்பிவிடும். இதைச் செய்ய சிபேனல்தான் வேண்டும் என்றில்லை.

அப்புறம், எதையெல்லாம் சோதிப்பது? பெயர் மாற்றுவது, அங்கேயே திறந்து திருத்துவது, ஜிப் கோப்பை ஏற்றி அங்கேயே விரிப்பது, இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை எஃப்டிபியில் (கணினியிலிருந்து சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) ஒவ்வொன்றாக அனுப்ப வெகுநேரம் ஆகும். ஒரே ஜிப்பாக ஏற்றி சர்வரில் விரித்தால் சீக்கிரம் முடியும். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளைக் காட்டும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். தளத்தின் சர்வர் அமைப்புகள் உள்ள எச்டிஆக்சஸ் கோப்பு அந்த வகை. சிபேனலில்கூட செட்டிங்ஸில் போய் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால்தான் அது கண்ணில் படும்.

சிபேனலுக்கு ஏன் கூடுதல் விலை? 2019இல் அந்த நிறுவனம் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றியது. ஒரே சர்வரில் நிறைய வாடிக்கையாளர்களை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனங்களுக்குச் செலவு கூடியது. பலர் அதை வாடிக்கையாளர் தலையில் ஏற்றினார்கள். சிலர் வேறு பேனலுக்குப் போனார்கள். சிபேனலில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு: கணக்கு முழுவதையும் ஒரே பேக்கப்பாக எடுத்து, இன்னொரு சிபேனல் நிறுவனத்திடம் கொடுத்தால் அஞ்சல் பெட்டிகள் உட்பட அப்படியே நிறுவித் தந்துவிடுவார்கள். ஹோஸ்டிங்கை அடிக்கடி மாற்றுபவருக்கு அந்தக் கூடுதல் பணம் தகும். உங்களுக்கு வேண்டாம்.

வெப்மினை நான் மதிக்கிறேன். 1997 முதல் இலவசமாகக் கிடைக்கும் நல்ல கருவி. ஆனால் அதில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) நுழைபவருக்கு சர்வர் முழுவதும் திறந்து கிடக்கும். தவறான ஃபோல்டரை அழித்தால் சர்வரே போய்விடும். அப்டேட், பாதுகாப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. 2018இல் வெளியான வெப்மின் பதிப்பு ஒன்றில் யாரோ ரகசியமாக உள்ளே நுழையும் பின்வாசல் வைத்திருந்தது 2019 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. 1.930 பதிப்பில் சரிசெய்தார்கள். அந்தச் சமயத்தில் உடனே அப்டேட் செய்ய உங்கள் கடையில் ஆள் இருக்குமா? தம்பி வேலைக்கு வெளியூர் போய்விட்டால்? கடைக்கு இது வேண்டவே வேண்டாம். தம்பி கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் தனியாக ஒரு சின்ன விபிஎஸ் எடுத்துப் பழகட்டும். வெப்மினுக்குள் நுழையும் வழியான 10000ஆம் போர்ட்டை உலகம் முழுவதுக்கும் திறந்து வைக்காமல், தன் ஐபி முகவரிக்கு மட்டும் திறக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக விலை. விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் தவணைக்கான விலை. புதுப்பிக்கும்போது எவ்வளவு, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எழுத்தில் கேளுங்கள். பேக்கப்பை நீங்களே மீட்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: ‘அளவற்ற இடம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது ‘ஐநோட் வரம்பு தாண்டிவிட்டது’ என்று கோப்பு ஏற்ற விடமாட்டேன் என்கிறார்கள். ஏமாற்றா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐநோட் வரம்பு என்பது கோப்புகள், ஃபோல்டர்களின் எண்ணிக்கைக்கான வரம்பு. ஜிபி கணக்கில் வரம்பு வைக்காமல் எண்ணிக்கையில் வைத்திருக்கிறார்கள். விதிமுறைப் பக்கத்தின் அடியில் அது எழுதியிருக்கும். ‘அளவற்ற’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு வரம்பை அங்கே ஒளித்து வைப்பது நேர்மையான வியாபாரம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லுங்கள், தவறில்லை.

அதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. பழைய அஞ்சல் பெட்டிதான் முதல் குற்றவாளி. வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் பல அளவுகளில் நகல் எடுத்து வைக்கும். தளம் வேகமாகத் திறக்கப் பக்கங்களின் நகலைச் சேமிக்கும் கேஷ் பிளகின்களும் கோப்புகளைக் குவிக்கும். சிபேனலின் பைல் மேனேஜரில் அழித்தவை குப்பைக்குத்தான் போகின்றன. அதைக் காலி செய்தால்தான் எண்ணிக்கை குறையும். தளத்தின் பொது ஃபோல்டரில் பழைய பேக்கப் ஜிப் கிடந்தால் உங்கள் கணினியில் இறக்கிக்கொண்டு அங்கிருந்து அழித்துவிடுங்கள். பெயரை ஊகிக்கும் யாரும் அதை இறக்கிக்கொள்ளலாம். உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இருக்கும்.

கேள்வி: தளம் செய்து கொடுத்தவர் பேனல் பாஸ்வேர்டைத் தர மறுக்கிறார். வேர்ட்பிரஸுக்குள் பைல் மேனேஜர் பிளகின் போட்டுச் சமாளிக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். 2020 செப்டம்பரில், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த அப்படியொரு பிளகினில், பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றக்கூடிய ஓட்டை இருந்தது. அதை வைத்து நிறையத் தாக்குதல்கள் நடந்தன. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வேலை முடிந்த கையோடு நீக்கிவிடுங்கள்.

உங்கள் பிரச்சினை வேறு. ஹோஸ்டிங் பில் யார் பெயரில் வருகிறது, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் அவரிடம் கெஞ்ச வேண்டாம். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பில்லைக் காட்டி பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் பெயரில் இருந்தால், பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் கணக்கையும் டொமைனையும் மாற்றி வாங்குங்கள். கோப்புகளை மட்டும் வாங்கினால் போதாது: பதிவுகளும் பக்கங்களும் டேட்டாபேஸில் இருக்கின்றன, அது பைல் மேனேஜரில் தெரியாது. டேட்டாபேஸை நிர்வகிக்கும் பிஎச்பி மைஅட்மினில் இருந்து தனியாக ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். இனி யாரிடம் வேலை கொடுத்தாலும், தளத்தின் ஃபோல்டரை மட்டும் தொடக்கூடிய எஃப்டிபி கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடலாம்.