நாலு இடத்தில் போட்ட பணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவையில் எம்.பி.ஏ. நிதி, இரண்டாமாண்டு படிக்கிறேன். பணத்தைப் பல முதலீடுகளில் பிரித்து நிர்வகிக்கிற போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். 2025 மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஆளுக்குப் பத்து லட்சம் கற்பனைப் பணம் கொடுத்து முதலீடு செய்யச் சொன்னார்கள். எட்டுப் பங்குகளில் சமமாகப் போட்டேன். 23 சதவீதம் ஏறி, வகுப்பில் முதலிடம். மூன்று கேள்விகள்: இந்தத் துறைக்குப் போக சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுத் துறைத் தேர்வு அவசியமா? சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் பெருகும்போது ஃபண்ட் மேனேஜர் வேலை மிஞ்சுமா? எடுத்த ரிஸ்க்குக்கு எவ்வளவு லாபம் என்று சொல்லும் ஷார்ப் விகிதம் போன்ற அளவுகளுக்கு நடைமுறையில் மதிப்பு உண்டா? அப்பா அரசுப் பேருந்து நடத்துநர். 60 வயது முடிந்து அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். 22 லட்சம் வரும். "நீ படிச்சவன், நீயே பாத்துக்க" என்கிறார். அதே எட்டுப் பங்குகளில் போடலாம் என்றிருக்கிறேன். எக்செல் தாளை இணைத்திருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

மூன்று கேள்விகளை எண் போட்டுக் கேட்டுவிட்டு, கேட்டே ஆகவேண்டிய ஒன்றைக் கடைசியில் செய்தியாகச் சொல்லிவிட்டீர்கள். அப்பாவின் 22 லட்சம். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில்.

போன மாதம் ஊர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் பரணைக் காலி செய்தோம். அப்பாவின் தகரப் பெட்டிக்குள் நான்கு வைப்பு ரசீதுகள் இருந்தன. பச்சை, ரோஸ், மஞ்சள், வெளிர் நீலம். நான்கிலும் மேலே லட்சுமி படம். சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப் போயிருந்தது. ஒவ்வொன்றிலும் முதிர்வுத் தேதிக்குக் கீழே அப்பா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், விடைத்தாள் திருத்துகிற அதே பென்சில்.

அவர் 1995இல் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கையில் வந்ததில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை, நாற்பது நாற்பதாயிரமாக நான்கு பைனான்ஸ் கம்பெனிகளில் போட்டார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. நான் அப்போது திருச்சியில் எம்.காம். விடுமுறைக்கு வந்தபோது ரசீதுகளைப் பாயில் பரப்பிக் காட்டினார். "நாலு இடத்துல போட்டிருக்கேன்டா. ஒண்ணு போனாலும் மூணு நிக்கும்." சரிப்பா என்றேன். அதற்கு மூன்று வாரம் முன்புதான் செமஸ்டர் பரீட்சையில், இரண்டு முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் கோவேரியன்ஸ் கணக்கைத் தப்பில்லாமல் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஒன்று லாரிக்குத் தவணைக் கடன் கொடுத்த கம்பெனி. இன்னொன்று மனை போட்டு விற்றது. மூன்றாவது தேக்கு வளர்த்துத் தருகிறேன் என்றது. நான்காவது நகைக் கடன். தொழில் நான்கு. ஆனால் லாரிக் கம்பெனி வசூலித்த பணத்தில் பெரும்பகுதி மனைக் கம்பெனியின் நிலத்தில் கிடந்தது. தேக்குக் கம்பெனியின் தோட்டமும் மனைக் கம்பெனியிடம் வாங்கியது. நான்கும் ஒரே கடைவீதியில், ஒரே மாதிரி ஆட்களின் ஓய்வுப் பணத்தை நம்பி, புதிய வைப்பை வாங்கிப் பழைய வட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தன. 1997இல் ஒரு கம்பெனி ஷட்டரை இறக்கியதும், மறுநாள் காலை மற்ற மூன்றின் வாசலிலும் கூட்டம். ஐந்து மாதத்தில் நான்கும் போயின. அந்த வருடம் தமிழகம் முழுக்க இதே கதைதான். வைப்புதாரர் பாதுகாப்புக்கென்று அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அப்பா மஞ்சள் பையில் ரசீது நகல்களோடு புகார் கொடுக்கத் தஞ்சாவூருக்கு எத்தனை முறை போனார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஒரே ஒரு கம்பெனியிலிருந்து, அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 6,200 ரூபாய் வந்தது.

இப்போது உங்கள் எக்செல் தாளுக்கு வருகிறேன். எட்டு நிறத்தில் ஒரு வட்டம் வரைந்து, கீழே 'நன்கு பரவலாக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வங்கி, இரண்டு வங்கிசாரா நிதி நிறுவனம், ஒரு வீட்டுக் கடன் நிறுவனம், இரண்டு ரியல் எஸ்டேட். தம்பி, எட்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அந்த ஆணி வட்டி விகிதம். 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தில் இருந்த ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, ரிசர்வ் வங்கி ஜூனுக்குள் 5.5க்கு இறக்கியது. உங்கள் மூன்று மாதம் அதற்குள் அடங்குகிறது. வட்டி இறங்கினால் பெரும்பாலும் இந்த எட்டும் சேர்ந்து ஏறும். நீங்கள் பங்கு தேர்ந்தெடுத்து ஜெயித்ததாக நினைக்கிறீர்கள். காற்று அடித்த திசையில் எட்டுப் பாய் விரித்திருந்தீர்கள், அவ்வளவுதான். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் இதே ரெப்போ 4இலிருந்து 6.5க்கு ஏறியிருக்கிறது. அப்படி ஒரு வருடம் திரும்ப வந்தால் உங்கள் வட்டத்தில் எந்த நிறம் அப்பாவைக் காப்பாற்றும்?

அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் எழுதிய கட்டுரை 15 பக்கம்தான். அப்போது அவருக்கு வயது 24. அதற்குத்தான் 1990இல் நோபல் பரிசில் பங்கு. உங்கள் பாடத்திட்டத்தில் பாதி அதிலிருந்து முளைத்தது. அதைத் தேடிப் படியுங்கள், பாடநூலில் இருக்கிற சுருக்கம் போதாது. அதில் ஒரு வரி வருகிறது: அறுபது ரயில்வே கம்பெனிப் பங்குகளை வைத்திருப்பது பரவல் ஆகாது, அதே தொகையை ரயில்வே, பொதுச் சேவைகள், சுரங்கம், பலவகை உற்பத்தி என்று பிரித்தவனுக்குத்தான் பரவல் அதிகம். எண்ணிக்கை எதையும் காப்பாற்றாது என்று அவர் அன்றே சொல்லிவிட்டார். எங்கள் அப்பாவுக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் பாயில் கிடந்த நான்கு காகிதத்தைப் பார்த்துச் சரிப்பா என்றேன். முப்பது வருடமாக எனக்குள் கிடக்கிற சொல் அது.

கணக்கையும் போட்டுவிடுவோம். இரண்டு பங்கு, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கமும் 20 சதவீதம், பாதிப் பாதி போடுகிறீர்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் கோரிலேஷன் சுழியம் என்றால் மொத்த ஏற்ற இறக்கம் சுமார் 14 ஆகக் குறையும். 0.5 என்றால் 17க்குக் கொஞ்சம் மேல். 1 என்றால் அதே 20. பிரித்ததால் ஒரு பைசா பயனில்லை. உங்கள் எட்டுப் பங்குக்கு 28 ஜோடி வரும், ஜோடிக்கு ஒரு கோரிலேஷன். தாளில் வருமானத்துக்கு ஒரு பத்தி, ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு ஒரு பத்தி இருக்கிறது. அந்த 28 எண்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. முதல் மதிப்பெண் வாங்கின தாள் இது! உங்கள் பேராசிரியர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மூன்று மாதப் போட்டி வைத்து, அதிகம் ஏற்றியவனுக்குக் கைதட்டினால், பிள்ளைகள் எல்லாப் பணத்தையும் ஒரே பக்கம் வைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். கற்பனைப் பணம் போனால் யாருக்கும் தூக்கம் கெடாது.

அப்புறம், 28 எண்களைப் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். மூன்று மாத விலையில் கிடைக்கிற கோரிலேஷன் நல்ல நாட்களின் கோரிலேஷன். 2020 மார்ச் 23 அன்று பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அந்த மாத நடுவில் உலகச் சந்தையில் தங்கமும் சேர்ந்து சரிந்தது, கையில் காசு வேண்டும் என்று எல்லோரும் எல்லாவற்றையும் விற்றதால். கடைவீதியில் எங்கள் அப்பா பார்த்ததும் அதுதான். நல்ல நாளில் நான்கு கடை, கெட்ட நாளில் ஒரே கூட்டம்.

உங்கள் கேள்விகளை மறந்துவிடவில்லை. இண்டெக்ஸ் ஃபண்ட் வந்தால் வேலை போகுமா என்பதைப் படித்து முடித்துவிட்டுக் கவலைப்படுங்கள். ஷார்ப் விகிதம் பயனுள்ளதுதான், கால அளவு மூன்று மாதம் இல்லாதவரை. சி.எஃப்.ஏ. எழுதுங்கள், வசதி இருந்தால். மூன்று நிலை, அதன் மேல் 4,000 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். அந்தப் படிப்பில் முதலீட்டுக் கொள்கை அறிக்கை என்று ஒன்று வரும். பெரும்பாலான வகுப்புகளில் அரை மணி நேரத்தில் தாண்டிவிடுகிற பகுதி. பங்கைத் தொடுவதற்கு முன், பணத்துக்கு உரியவரிடம் உட்கார்ந்து எழுதவேண்டிய தாள். இந்தப் பணம் எதற்கு, எப்போது வேண்டும், எவ்வளவு குறைந்தால் இவருக்குத் தாங்காது, வரி என்ன, வேறு வருமானம் உண்டா.

அதை உங்கள் அப்பாவோடு எழுதுங்கள். இன்று ராத்திரி வேண்டாம், அவர் டூட்டி முடிந்து வரும் நாளில் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதச் செலவு எவ்வளவு, கடன் ஏதும் உண்டா, வீட்டில் யாருக்காவது கல்யாணம் பார்க்கிறீர்களா, அம்மாவின் மருந்து என்ன விலை. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். வங்கி வைப்பு என்றால் ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு, அதைப் பார்த்துப் பிரியுங்கள். அவருடைய சாப்பாட்டுக்கும் மருந்துக்குமான பணம் இப்படி ஒதுங்கிய பிறகு ஏதாவது மிஞ்சினால், அதில் பங்குக்கு எவ்வளவு என்று பேசலாம். மார்க்கோவிட்ஸே தன் ஓய்வுக்காலப் பணத்தை ஆரம்பத்தில் பாதி பங்கு, பாதி கடன்பத்திரம் என்றுதான் போட்டார். பின்னால் வருந்தக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த எட்டுப் பங்கின் பட்டியலை அவரிடம் காட்டாதீர்கள். "நீ படிச்சவன்" என்று சொல்லிவிட்டார் அல்லவா, நீங்கள் எதைக் காட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன பதில்களை அவர் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். எக்செல் தாளை அதற்கப்புறம் திறப்போம்.