மேல்வீட்டில் உருளும் கோலிக்குண்டு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சிங்கப்பூரில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் ஏழாம் மாடியில் குடியிருக்கிறோம். பின்னிரவில், வீடே அடங்கிய பிறகு, கோலிக்குண்டு ஒன்று விழுந்து துள்ளித் துள்ளி உருள்வது போன்ற ஓசை மேலே கேட்கிறது. மேல்வீட்டு மலாய் அம்மையாரிடம் விசாரித்தால், தம் வீட்டில் சிறு பிள்ளைகளே இல்லை என்றும், அதே ஓசை தமக்கும் மேலிருந்துதான் கேட்கிறது என்றும் சொல்கிறார். என் மாமியாரோ வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அஞ்சித் தூக்கம் கெட்டு அவதிப்படுகிறார். என்ன செய்வது? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: அந்த அம்மையார் சொன்னதிலேயே உங்களுக்குப் பாதி விடை இருக்கிறது. ஏழாம் மாடியில் இருப்பவருக்கும் எட்டாம் மாடியில் இருப்பவருக்கும் ஒரே ஓசை மேலிருந்தே கேட்கிறது என்றால், அது மேல்வீட்டுத் தரையில் பிறப்பதாக இருக்க வாய்ப்பில்லை. எங்கோ ஒரு குழாயிலோ கட்டடத்தின் உடலிலோ பிறந்து அது எல்லா மாடிகளுக்கும் பரவுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. கான்கிரீட்டில் அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில் பாய்கிறது. இரண்டு மாடி தள்ளியோ பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ளோ எழும் ஒரு தட்டல், கண்ணிமைக்கும் முன் உங்கள் கூரைத் தளத்தை வந்தடைந்து அதை அதிர வைக்கிறது. அலமாரியும் திரைச்சீலையும் மறைக்காத பெரிய பரப்பு கூரை என்பதால், காது அந்த ஓசையை மேலே இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே இதுபோன்ற கட்டடங்களில் ஓசை வரும் திசையை நம்பி யாரையும் குற்றம் சாட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கோலிக்குண்டு ஓசைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீர்க் குழாயை. குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் நீரை ஒரு வால்வு சட்டென்று மூடி நிறுத்தும்போது, முன்பெட்டி நின்றதும் பின்பெட்டிகள் வந்து மோதும் சரக்கு ரயிலைப் போல, பின்னால் வரும் நீர் முன்னால் நின்ற நீரின் மீது மோதுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உலோகக் குழாயில் ஒரே கணத்தில் நிறுத்தினால், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் திடீரென்று எழும். இதற்கான கணக்கை ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் சுக்கோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898ல் வெளியிட்டார். அந்த அழுத்த அலை குழாயின் இரு முனைகளுக்கும் இடையே போய்ப் போய்த் திரும்பி வலுவிழந்து அடங்குகிறது. குழாயைப் பிடித்திருக்கும் கவ்விகள் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் குழாய் சுவரில் தட்டும். முதலில் ஒரு பெரிய ‘டக்’, பிறகு சிறிது சிறிதாகக் குறையும் ‘டக், டக்’ என்று கேட்பதால்தான் துள்ளி உருளும் குண்டு நம் நினைவுக்கு வருகிறது. பகலிலும் இது நடக்கக்கூடியதே. தொலைக்காட்சியும் சாலை இரைச்சலும் அதை மூடிவிடுகின்றன.

இரண்டாவது காரணம் வெப்பம். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கட்டடம் இரவில் மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது இணைப்புகளில் சிறு வெடிப்போசைகள் எழுவதுண்டு. வெந்நீர்க் குழாய்களில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும்: 3 மீட்டர் நீளச் செப்புக் குழாயின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் நீளும். குளித்து முடித்து வெகுநேரம் ஆன பின்னும் ‘டிக், டிக்’ என்று கேட்டால், ஆறிச் சுருங்கும் அந்தக் குழாயின் மீதுதான் சந்தேகம் போக வேண்டும்.

இனித் தேடும் முறை. முதல் வேலை ஒரு குறிப்பேடு. ஓசை கேட்ட நேரம், எத்தனை தட்டல், எந்த அறையில் உரக்கக் கேட்டது, அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றை ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள். பெரும்பாலும் இந்தக் குறிப்பிலேயே ஒழுங்கு தெரிந்துவிடும். அடுத்து, கழிவறைத் தொட்டியில் நீரைத் திறந்துவிட்டு, அது நிரம்பும்வரை சுவரோரக் குழாயின் மீது உள்ளங்கையை வைத்துக் காத்திருங்கள். மிதவை எழும்பி வால்வு மூடும் அந்த நொடியில் குழாய் உங்கள் கைக்குள் ஒருமுறை உதறினால், காரணம் கைக்கு அகப்பட்டுவிட்டது. சலவை இயந்திரத்தின் மின்வால்வு இதைவிடச் சடாரென்று மூடும் என்பதால் அதற்கும் இதே சோதனை தேவை. சுவருக்குள் கேட்க வேண்டுமானால் ஓர் எவர்சில்வர் தம்ளரின் வாயைச் சுவரில் பதித்து அடியில் காதை வைத்தாலே போதும்.

பிறகு ஓர் இரவு, உங்கள் வீட்டுக்கு வரும் நீரின் முதன்மை வால்வை மூடிவிட்டுப் படுங்கள். அந்த இரவில் ஓசை இல்லையென்றால், இன்னும் ஓரிரு இரவு மூடியும் திறந்தும் பார்த்து உறுதி செய்யுங்கள். மூடும்போது நின்று திறக்கும்போது கேட்டால், சிக்கல் உங்கள் குழாயில்தான். தொட்டியின் தேய்ந்த வால்வை மாற்றுவது, இயந்திரத்துக்கான குழாயைச் சற்றே மூடி நீரின் வேகத்தைக் குறைப்பது, கவ்விகளை இறுக்குவது ஆகியவை பல வீடுகளில் போதுமானவை. அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் சிறு கருவியைக் குழாயில் பொருத்துவதென்றால் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள். வால்வை மூடியும் ஓசை தொடர்ந்தால், பொதுக் குழாயையோ மொட்டைமாடி நீரேற்றியையோ பார்க்க வேண்டியது நகர மன்றம். வெறும் புகாரைவிட உங்கள் குறிப்பேட்டின் நகல் அங்கே அதிகம் உதவும்.

உங்கள் மாமியாரை இந்தத் தேடலில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஒன்றுமில்லை, படுங்கள்’ என்று நூறு முறை சொல்வதைவிட, அவர் கையையே குழாயின் மீது வைத்து அந்த உதறலை உணரச் செய்வது அச்சத்தைப் போக்கும். மேல்வீட்டு அம்மையாரிடமும் ஒருமுறை போய் நீங்கள் கண்டறிந்ததைச் சொல்லுங்கள். அவரும் அதே ஓசையால் தூக்கம் கெட்டவர்தானே.

கேள்வி: எங்கள் புதிய வீட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்று ஓர் ஒலி. பல்லியும் இல்லை, கைப்பேசியும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. (வாசகர், பொங்கோல்)

பதில்: கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவியைப் பாருங்கள். 2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் புதிய வீடுகள் அனைத்திலும் இது கட்டாயம். மின்கலம் தீரும் தறுவாயில் அது இப்படித்தான் கீச்சிடும். குளிர்ச்சியில் மின்கலத்தின் திறன் மேலும் குறைவதால், குளிர்சாதனம் ஓடும் இரவில்தான் பெரும்பாலும் தொடங்கும். ஒலி சுமார் 3,000 ஹெர்ட்ஸ் அளவில், நொடிக்கும் குறைவாக ஒலிப்பதால், இரு காதுகளாலும் திசையைப் பிரித்தறிவது கடினம். ஒவ்வோர் அறையிலும் கதவை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் அகப்பட்டுவிடும். மின்கலத்தைக் கழற்றி அப்படியே விட்டுவிடாதீர்கள். அன்றே புதியது போடுங்கள். மின்கலம் உள்ளேயே பதிக்கப்பட்ட வகையாயின் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: மழைநாளில் கூடத்துத் தரையில் ‘படார்’ என்று சத்தம். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஓரிடத்தில் நடந்தால் உள்ளே வெற்றிடம் போல ஒலிக்கிறது. (வாசகி, பிடோக்)

பதில்: அந்த இடத்துத் தரை ஓடு அடித்தளத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறது. வெப்பநிலை திடீரென்று இறங்கும்போது ஓடும் அதன் கீழுள்ள சாந்தும் கான்கிரீட்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், பிடிப்புத் தளர்ந்த ஓடுகள் வெடித்து மேலெழுகின்றன. 2018 ஜனவரியில் குளிர் நீடித்தபோது தீவெங்கும் பல வீடுகளில் இது நிகழ்ந்தது. நாணயம் ஒன்றால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, வெற்றொலி தருபவற்றின் மீது சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். அவற்றின் மீது அகன்ற ஒட்டுநாடாவை ஒட்டி, நாற்காலி வைத்து வழியை மறித்து, பிள்ளைகளையும் முதியவர்களையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓட்டின் விளிம்பு கண்ணாடிபோல் அறுக்கும். பிறகு வீவக கிளை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.