பழைய கார்ல ரூஃப் லைனிங் தொங்குதா? வந்த கேள்விகளுக்கு மொத்தமா பதில்

பங்குனி பொறந்து வெயில் ஏறுச்சுன்னா எனக்கு வர்ற கேள்வில பாதி கார் ரூஃப் லைனிங் பத்திதான் இருக்கும். நான் குஷன் வேலை பாக்குறவன், அதுலயும் பழைய வண்டிங்களோட உள்வேலைதான் அதிகம். ஒரே கேள்வி நாலு பேர்கிட்ட இருந்து வேற வேற மாதிரி வருது, அதனால சிலதை எடுத்து ஒண்ணா எழுதிட்டேன், பொறுமையா படிங்க.

கேள்வி: 2005 ஃபோர்டு ஐகான் வச்சிருக்கேன். பின்சீட்டுக்கு மேல துணி கழண்டு தலைய தொடுது. சிரிஞ்சுல கம் ஏத்தி ஒட்டினேன், ரெண்டு வாரத்துல திரும்ப இறங்கிருச்சு, கம் பட்ட இடமெல்லாம் கறை வேற. எந்த கம் வாங்கினா நிக்கும்?

எந்த கம் வாங்கினாலும் நிக்காதுங்க, ஏன்னா உங்க வண்டில போனது கம் இல்ல, ஸ்பாஞ்ச். அந்த துணிக்கு பின்னாடி சுமார் 3 மில்லிமீட்டர்ல ஒரு ஸ்பாஞ்ச் துணியோட சேந்தே வரும், அதுதான் மேல இருக்கிற போர்டுல ஒட்டியிருக்கும். அது பாலியூரித்தேன்னு சொல்ற ஒரு வகை பிளாஸ்டிக் நுரை. வருஷக்கணக்கா ரூஃப் தகடு சூடும் காத்துல இருக்கிற ஈரமும் பட்டு பட்டு அது உள்ளுக்குள்ளயே மக்கி போயிரும். தொங்குற இடத்துல விரலால தட்டி பாருங்க, மஞ்சளாவோ பழுப்பாவோ மாவு மாதிரி சீட்ல கொட்டும். அந்த மாவு மேல நீங்க கம் ஏத்தினா கம் மாவைத்தான் புடிக்கும், மாவு போர்டை புடிக்காது, அவ்ளோதான் விஷயம். இது ஐகான்ல மட்டும் வர்ற வியாதி இல்ல, ஸ்பாஞ்ச் துணி போட்ட எந்த கம்பெனி வண்டியும் பத்து பதினஞ்சு வருஷம் வெயில்ல நின்னா இங்கதான் வந்து நிக்கும்.

அதனால போர்டை முழுசா வெளிய எடுத்து, பழைய துணிய உரிச்சு போட்டு, அந்த மாவை சுத்தமா எடுக்கணும். இந்த சுத்தம் பண்றதுலதான் வேலையோட முக்காவாசி இருக்கு, ஆனா முக்காவாசி கடையில இதைத்தான் அவசரமா முடிக்கிறாங்க. நைலான் பிரஷ் போதும், கம்பி பிரஷ் வேண்டாம், போர்டோட மேல்தோலை கிழிச்சு பள்ளம் பள்ளமா ஆக்கிரும், அந்த பள்ளம் புது துணி போட்டப்புறம் அப்படியே வெளிய தெரியும். பிரஷ் போட்டு தள்ளி, துடைச்சு, திரும்ப பிரஷ் போட்டு, கடைசில உள்ளங்கைய வச்சு தேச்சு பாருங்க, கையில தூள் எதுவும் ஒட்டலைன்னாதான் அடுத்த வேலை. மூக்குக்கு மாஸ்க், முழுக்கை சட்டை கண்டிப்பா வேணும், நிறைய போர்டுல கண்ணாடி நார் (ஃபைபர் கிளாஸ்) இருக்கு, உடம்புல பட்டா ரெண்டு நாளைக்கு அரிக்கும்.

அப்புறம் கம். மரவேலைக்கு போடுற வெள்ளை பசை இதுக்கு ஆகவே ஆகாது, வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள 60 டிகிரி சாதாரணமா தாண்டும், அந்த சூட்டுல அது இளகிரும். சூடு தாங்குற ரப்பர் சொல்யூஷன், இல்லைன்னா ரூஃப் லைனிங்குக்குன்னே வர்ற ஸ்ப்ரே, ரெண்டுல ஒண்ணு, டப்பால எத்தன டிகிரி தாங்கும்னு போட்டிருக்கும், படிச்சு வாங்குங்க. போர்டுலயும் அடிக்கணும், துணியோட ஸ்பாஞ்ச் பக்கமும் அடிக்கணும், அடிச்ச உடனே ஒட்டக்கூடாது. தொட்டு பாத்தா பிசுபிசுன்னு இருக்கணும் ஆனா விரல்ல வரக்கூடாது, அதுக்கு அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் ஆகும், மழைக்காலம்னா இன்னும் கூட. ஈரமா இருக்கும்போதே ஒட்டினா கம் ஸ்பாஞ்சை தாண்டி துணி முகத்துக்கு வந்துரும், உங்களுக்கு கறை வந்தது அப்படித்தான்.

துணிய மொத்தமா தூக்கி மேல போடாதீங்க. போர்டு மேல விரிச்சு நடுவுல சரி பாத்துட்டு பாதிய மடக்கி, அந்த பாதிக்கு மட்டும் கம் போட்டு, நடுவுல இருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால தடவிக்கிட்டே போங்க, அப்புறம் அடுத்த பாதி. இழுக்கக்கூடாது. பள்ளமான இடத்துல, முக்கியமா விளக்கு வர்ற இடத்துலயும் சன்வைசர் குழிலயும், துணிய உள்ள தள்ளி உக்கார வைக்கணும், இழுத்து பாலம் மாதிரி விட்டுட்டீங்கன்னா முதல் சித்திரைலயே அந்த இடம்தான் கழளும். ஒரு ராத்திரி முழுக்க காய விட்டு மறுநாள் மாட்டுங்க. இன்னொண்ணு, இந்த கம்முல இருக்கிற கரைப்பான் சட்டுனு தீப்புடிக்கும், மூடின அறைல வேண்டாம், பக்கத்துல பீடி சிகரெட் கூட ஆகாது.

கேள்வி: அப்பா வச்சிருந்த 1986 அம்பாசிடர். மேல ரெக்சின் பல இடத்துல கிழிஞ்சிருக்கு. புது மாடல் கார் மாதிரி போர்டு வச்சு துணி ஒட்டி தரேன்னு ஒரு கடையில சொல்றாங்க. செய்யலாமா?

வேண்டாங்க. அப்பா வண்டின்னு வேற சொல்றீங்க, அந்த வண்டிக்கு உள்ளதையே போடுங்க. அம்பாசிடர், பத்மினி காலத்து வண்டிங்கள்ல ரூஃப் லைனிங் எங்கயும் ஒட்டி நிக்கிறது இல்ல, கம்பில தொங்குது. ரெக்சினுக்கு பின்னாடி குறுக்க குறுக்க துணில குழாய் மாதிரி தச்சிருப்பாங்க, நாடா பாவாடைல நாடா போற மாதிரி அதுக்குள்ள ஒரு வளைஞ்ச கம்பி போகும், கம்பியோட ரெண்டு முனையும் ரூஃப் ஓரத்துல இருக்கிற ஓட்டைல உக்காரும், சுத்தி ஓரத்தை மட்டும் இழுத்து ஒட்டி பீடிங்குக்கு (ஓரத்துல போற ரப்பர் பட்டி) உள்ள மறைச்சிருப்பாங்க. அந்த வளைவும் குறுக்க போற தையல் கோடும்தான் அந்த வண்டிக்கு முகமே. போர்டு வச்சா உயரமும் குறையும், நாளைக்கு யாராவது பழையபடி ஆக்கணும்னு நினைச்சா கம்பியும் இருக்காது, குப்பைக்கு போயிருக்கும்.

பிரிக்கும்போது முதல் வேலை கம்பிக்கு நம்பர் போடுறது. முன்னாடி இருந்து 1, 2, 3ன்னு டேப்ல எழுதி ஒட்டி, எது டிரைவர் பக்கம்னும் குறிச்சுக்கோங்க. பாக்க எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் வளைவு வேற, மாத்தி போட்டா ஒரு இடம் இடிக்கும் ஒரு இடம் தொய்யும். சில வண்டில ஒரே கம்பிக்கு மேலயும் கீழயுமா ரெண்டு மூணு ஓட்டை இருக்கும், எதுல இருந்துச்சுன்னு மார்க்கர்ல வட்டம் போட்டு ஒரு போட்டோவும் எடுத்துருங்க. என்கிட்ட வந்த ஒரு வண்டில முன்ன யாரோ கம்பிய மாத்தி சொருகிட்டு, அது சரியா வரலைன்னு கையாலயே வளைச்சும் விட்டிருந்தாங்க, அதை பழைய வளைவுக்கு கொண்டு வர எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

கம்பில துரு இருந்தா தேச்சு எடுத்துட்டு ரெட் ஆக்சைடு அடிச்சு நல்லா காஞ்சப்புறம் போடுங்க, இல்லைன்னா ஒரே மழைக்காலத்துல புது ரெக்சின்ல பழுப்பு கோடு விழும். கம்பி முனைல சின்ன பிளாஸ்டிக் மூடி இருந்து தொலைஞ்சு போயிருந்தா அந்த இடத்துல மெல்லிசு ரப்பர் ட்யூப் துண்டு மாட்டுங்க, மேடு பள்ளத்துல டக் டக்னு தகரம் தட்டுற சத்தம் வர்றது பெரும்பாலும் அதனாலதான்.

பழைய ரெக்சினை தூக்கி போட்டுராதீங்க, அதுதான் அளவு. தையலை பிளேடு வச்சு பிரிச்சு, துண்டு துண்டா புது ரெக்சின் மேல வச்சு வெட்டுங்க, ஆனா பழசு வருஷக்கணக்கா இழுபட்டு மாறியிருக்கும், அதனால ஓரத்துல மட்டும் சுத்தி ரெண்டு மூணு இஞ்ச் கூட விடுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி தச்ச ரெக்சினை அரை மணி நேரம் வெயில்ல போடுங்க, சூட்டுல இளகி இழுவைக்கு நல்லா வரும். முதல்ல எல்லா கம்பியையும் மாட்டி, முன்னயும் பின்னயும் இழுத்து துணி கிளிப்ல புடிச்சு, தையல் கோடு நேரா இருக்கான்னு பின்சீட்ல உக்காந்து பாருங்க, அப்புறம் பக்கவாட்டு. கம் கடைசி. அவசரப்பட்டு ஒரு ஓரத்தை முழுசா ஒட்டிட்டு வந்தீங்கன்னா எதிர் ஓரத்துல சுருக்கம் குவிஞ்சு நிக்கும். லேசான சுருக்கத்துக்கு பயப்பட வேண்டாம், ஹேர் டிரையரை தள்ளி புடிச்சு காட்டினா இறங்கிரும். முன் கண்ணாடி பின் கண்ணாடி ரப்பருக்கு அடியில லைனிங் போற வண்டியா இருந்தா கண்ணாடிய எடுத்துதான் ஆகணும், அந்த ஒரு வேலைய மட்டும் கண்ணாடி மாத்துறவரை கூப்பிட்டு செஞ்சுக்கோங்க, பழைய கண்ணாடி ஒடைஞ்சா திரும்ப கிடைக்க அலையணும்.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், கிழிசல் எத்தன இடம்? சின்னதா ரெண்டு மூணு இடம்தான்னா, ஓரத்துல மறைஞ்சிருக்கிற அதே ரெக்சின்ல துண்டு வெட்டி உள்பக்கமா வச்சு ஒட்டியே காப்பாத்திரலாம். 1986ல கம்பெனில போட்டது இன்னும் நிக்குதுன்னா அதை மாத்த நான் அவசரப்பட மாட்டேன்.

கேள்வி: துணி எத்தன மீட்டர் வாங்கணும்? வெல்வெட் போட்டா பணக்காரத்தனமா இருக்கும்னு பையன் சொல்றான்.

ரூஃப் லைனிங் துணி பொதுவா 60 இஞ்ச் அகலத்துல வரும். போர்டோட நீளத்தை வளைவோட சேத்து டேப் வச்சு அளந்து முன்ன பின்ன 4 இஞ்ச் கூட்டிக்கோங்க, சின்ன செடானுக்கு 2 மீட்டர் வாங்கினா தாராளம். வெல்வெட்டும் கனமான ரெக்சினும் போர்டு மேல ஒட்டுறதுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன், வெயிட்டு ஜாஸ்தி, நாலு பக்கமும் நீளாது, வளைவுல மடிஞ்சு நிக்கும். பின்னாடி ஸ்பாஞ்சோட வர்ற பின்னல் துணிதான் சரி, ரெண்டு பக்கமும் இழுத்து பாத்து வாங்குங்க. வெறும் துணி மட்டும் வாங்கி ஒட்டினா போர்டுல இருக்கிற ஒவ்வொரு சொரசொரப்பும் மேல தெரியும். கலர் உங்க இஷ்டம், ஆனா கருப்பு போட்டா வண்டி உள்ள குகை மாதிரி ஆயிரும், பழைய சின்ன வண்டிக்கு வெளிர் சாம்பலோ சந்தன கலரோதான் நல்லா இருக்கும்.

கேள்வி: போர்டை நானே கழட்டலாமா? ஒடைஞ்சிருமா?

கழட்டலாம், ரெண்டு பேர் வேணும். முதல்ல பேட்டரி வயரை எடுங்க. மேல ஓரமா கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற வண்டின்னா (தூண் பக்கம் ஏர்பேக்னு எழுதியிருக்கும்) நீங்க கை வைக்காதீங்க, தெரிஞ்சவங்க கிட்ட கொடுங்க. இல்லைன்னா சன்வைசர், கைப்பிடி, விளக்கு, கோட் ஹூக், தூண் மேல இருக்கிற பிளாஸ்டிக், கதவு ரப்பர், இந்த வரிசைல எடுத்துட்டு வந்தா போர்டு தானா இறங்கும். இறங்கலைன்னா எங்கயோ ஒரு கிளிப்போ ஸ்க்ரூவோ பாக்கி இருக்குன்னு அர்த்தம், இழுக்காதீங்க, தேடுங்க. முன்சீட்டை முழுசா சாய்ச்சு போட்டு, டிக்கி கதவு பெருசா திறக்குற வண்டின்னா அது வழியா, செடான்னா முன்பக்க பாசஞ்சர் கதவு வழியா சாய்ச்சு எடுங்க. போர்டை வளைக்கவே கூடாது, நடுவுல ஒரு தடவ மடிஞ்சா அந்த கோடு எப்பவும் தெரியும். ஒடைஞ்சே போச்சுன்னா பின்பக்கம் கண்ணாடி நார் பாயும் ரெசினும் வச்சு ஒட்டலாம், ஆனா சில போர்டை ரெசினும் கம்மும் கரைச்சு தின்னுரும், அதனால மூலைல ஒரு சொட்டு விட்டு கால் மணி நேரம் பாத்துட்டு செய்யுங்க.

கேள்வி: லைனிங்ல பழுப்பா வட்டம் வட்டமா கறை, மழை பெஞ்சா மக்கின வாடை. ஷாம்பு போட்டு கழுவலாமா?

கழுவினா ஊறி கழண்டுரும். அது அழுக்கு இல்லங்க, மேல இருந்து தண்ணி வருது. துணி மாத்துறது அப்புறம், முதல்ல ஓட்டைய புடிங்க. ஆன்டெனா அடி ரப்பர், கேரியர் போல்ட் போட்ட இடம், கண்ணாடி ரப்பர், ரூஃப் ஓரத்துல போற வாய்க்கால்ல வெடிச்ச சீலன்ட், இதுல ஒண்ணாத்தான் இருக்கும். சன்ரூஃப் இருக்கிற வண்டின்னா அதோட நாலு மூலைலயும் தண்ணி போற ட்யூப் இருக்கும், புளிய இலை வேப்பம்பூ விழுந்து அடைஞ்சா தண்ணி உள்ள திரும்பிரும், மெல்லிசு நைலான் நரம்பு விட்டு எடுங்க, கம்ப்ரஸர் காத்து அடிச்சா ட்யூப் உள்ளயே கழண்டுக்கும். லைனிங்கை இறக்கிட்டு ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காந்துக்கிட்டு இன்னொருத்தர் வெளிய ஒவ்வொரு இடமா ஹோஸ்ல மெதுவா தண்ணி விட்டா பத்து நிமிஷத்துல தெரிஞ்சுரும். கறை இருக்கிற இடத்துல தண்ணி இறங்குதுன்னு நினைக்காதீங்க, உள்ள ஓடி வந்து வேற எங்கயோ சொட்டும்.

கேள்வி: லைனிங் மாத்தும்போது சூட்டுக்கு உள்ள ஷீட் போடலாமா?

போடணும், இந்த சந்தர்ப்பத்தை விட்டா திரும்ப போர்டை இறக்க மாட்டீங்க. தகட்டை சுத்தமா துடைச்சு, துரு இருந்தா எடுத்து பெயின்ட் அடிச்சு, நடு தகட்டுல பியூட்டைல் ஷீட் (சத்தத்தை அடக்குற, ஒட்டுற ரப்பர் ஷீட்) துண்டு துண்டா ஒட்டுங்க, மழைல டங்கு டங்குன்னு கேக்குற தகர சத்தம் அதுலயே குறையும். அதுக்கு மேல தண்ணி குடிக்காத ஃபோம் ஷீட் மெல்லிசா. சாக்கு, பஞ்சு, சாதா ஸ்பாஞ்ச் எதையும் வைக்காதீங்க, ஈரத்தை புடிச்சு வச்சு ரூஃபை உள்ள இருந்தே துருவாக்கிரும். கனமும் பாத்துக்கோங்க, போர்டு திரும்ப உக்காரலைன்னா கிளிப் நிக்காது.

கேள்வி: மேல எலி ஓடுற சத்தம் கேக்குது.

லைனிங்கை இறக்கி பாக்காம விடாதீங்க. பெரும்பாலும் கூடு கட்டியிருக்கும், விளக்கு வயரை கடிச்சும் வச்சிருக்கும், அது ஷார்ட் ஆனா ஆபத்து. கூட்டை எடுக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் போட்டு, முதல்ல கிருமிநாசினி தெளிச்சு நனைச்சுட்டு அள்ளுங்க, காஞ்ச புழுக்கைய அப்படியே பெருக்கினா தூசி மூச்சுல போகும். மூத்திரம் ஊறின போர்டை எத்தன தடவ துடைச்சாலும் வெயில்ல வாடை வரும், போர்டையே மாத்திருங்க.

கேள்வி: இப்போதைக்கு செலவு பண்ண முடியாது, நாளைக்கே ஊருக்கு போகணும், துணி கண்ணை மறைக்குது.

குஷன் கடையில சுருள் பின் கிடைக்கும், திருகி ஏத்துற மாதிரி, பத்து இருபது வாங்கி வரிசையா போர்டுல திருகி விடுங்க, துணி நிக்கும். குண்டூசி குத்தாதீங்க, ஓடுற வண்டில தலையில விழும். கண்ணாடிய மறைக்கிற அளவு இறங்கிருச்சுன்னா, பின் கிடைக்கலைன்னா, துணிய ஓரத்தோட கத்தரிச்சு எடுத்துட்டு கிளம்புங்க, அது எப்படியும் போற துணிதான்.