மல்லோரியும் இர்வினும் 1924 ஜூன் 8 அன்று எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள்?

1924 பிரிட்டிஷ் குழுவோடு சென்று எவரெஸ்ட்டில் மறைந்த மலையேறிகளான இவ்விருவரின் கடைசி நாளை மணிவாரியாக உறுதிப்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு நேரத்தைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த நேரத்தில் அவர்கள் நின்ற இடம் எது என்பதில்தான் நூறாண்டு வழக்கு நடக்கிறது.

நான் நெய்யூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். அந்தக் குழுவில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை மருத்துவராக இருந்தவர். என் பாட்டி அவரைச் 'சாமர்வெல் டாக்டர்' என்று உரிமையோடு சொல்வார். அப்படித்தான் எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு ஏற்பட்டது.

இந்தக் கால வரிசையை அமைக்கும்போது, அன்றே எழுதப்பட்டவை, மலையில் கிடைத்த பொருள்கள், பின்னால் நினைவிலிருந்து சொல்லப்பட்டவை ஆகிய மூன்றையும் கலந்துவிடக் கூடாது. ஜூன் 6 காலை இருவரும் வடக்குக் கணவாயில் இருந்த நான்காம் முகாமிலிருந்து புறப்பட்டார்கள் என்பதும், 7ஆம் தேதி ஏறத்தாழ 8,170 மீட்டர் உயரத்திலிருந்த கடைசி முகாமான ஆறாம் முகாமை அடைந்தார்கள் என்பதும் முதல் வகையைச் சேர்ந்தவை. அன்று மாலை, சுமை கொண்டுவந்த ஷெர்பாக்களிடம் மல்லோரி பென்சிலால் எழுதிய இரண்டு சீட்டுகளைக் கொடுத்தனுப்பினார். ஒன்றில், இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்களோடு போகக்கூடும் என்கிறார். படப்பிடிப்பாளர் ஜான் நோயலுக்கு எழுதிய மற்றொன்றில், மறுநாள் தங்களை மலைமுகட்டில் தேடத் தொடங்க வேண்டிய நேரத்தை 'இரவு 8 மணி' என்று குறித்திருக்கிறார். காலை 8 என்று எழுத நினைத்தவர் கை தவறி எழுதியது அது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும் அந்தச் சீட்டு அவருடைய திட்டத்தைத்தான் காட்டுகிறது, நடந்ததை அன்று.

நடந்தது வேறாக இருந்திருக்கலாம். 8ஆம் தேதி பிற்பகல் 2 மணியளவில் ஆறாம் முகாமுக்கு வந்த, குழுவின் புவியியலாளர் நோயல் ஓடெல், கூடாரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஆக்சிஜன் கருவியின் உதிரிகள் சிதறிக் கிடந்ததைக் கண்டார். காலையில் கருவியைப் பழுதுபார்க்க வேண்டியிருந்து, அதனால் புறப்பாடு தாமதமாகியிருக்கலாம் என்று நினைக்க அது இடம் தருகிறது. முகாமில் விட்டுச் சென்ற டார்ச் ஒன்றை 1933இல் போனவர்கள் எடுத்ததும் கவனிக்கத்தக்கது. வெளிச்சம் வந்த பிறகு கிளம்புகிறவர்தான் டார்ச்சை மறப்பார்.

அந்த ஒரே உறுதியான நேரம் 12.50. முகாமுக்கு ஏறி வரும் வழியில் மேகம் திடீரென விலகியபோது, முகட்டின் பாறைப்படி ஒன்றை ஒரு கரும்புள்ளி அணுகி அதன் மேல் ஏறியதையும், மற்றொன்று பின்தொடர்ந்ததையும் ஓடெல் கண்டார். நாட்குறிப்பில் நேரத்தை எழுதினார். அந்த முகட்டின் பாறைப்படிகளைக் கீழிருந்து முதல் படி, இரண்டாம் படி என்று எண்ணுவார்கள். தான் கண்டது இரண்டாவது என்று முதலில் சொன்னவர், கேள்விகள் எழுந்த பிறகு, முதலாவதாகவும் இருக்கலாம் என்று இடம் கொடுத்தார். நேர்மையான சாட்சிதான் அவர். ஆனால் பார்த்தது சில நிமிடங்கள், அதுவும் மேகத்தின் இடைவெளியில்.

இங்கேதான் சிலிண்டர் உதவுகிறது. முதல் படிக்குச் சற்று முன்பாக, ஏறத்தாழ 8,475 மீட்டரில், 1924இன் சிலிண்டர் ஒன்று 1999இல் மீட்கப்பட்டது. முழுக் கொள்ளளவான 535 லிட்டரை நிமிடத்துக்கு 2.2 லிட்டராகத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரம் வரும். ஏறும்போது தீர்ந்ததும் எறிந்தார்கள் என்று கொண்டால், நான்கு மணி நேரத்தில் ஏறியது 305 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 76 மீட்டர். இந்த வேகம் நம்பக்கூடியதா? நான்கு நாள் முன்பு ஆக்சிஜன் இல்லாமல் காலை 6.40க்கு அதே முகாமிலிருந்து புறப்பட்ட குழுத் தலைவர் நார்ட்டன், பிற்பகல் 1 மணிக்கு 8,570 மீட்டரில் திரும்பினார். அவருடைய கணக்கு மணிக்கு 63 மீட்டர். இரண்டும் பொருந்தி வருகின்றன. காலை 8 மணியை ஒட்டிப் புறப்பட்டிருந்தால் நண்பகலில் சிலிண்டர் தீரும்; 12.50க்கு முதல் படியில் நிற்பார்கள். இரண்டாம் படியை 1960இல் சீனக் குழுவினர் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி, பல மணி நேரம் போராடித்தான் கடந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கையில், ஓடெல் கண்டது முதல் படியையே என்பது என் முடிவு. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 300 மீட்டர்.

2 மணிக்குப் பனிப்புயல் வந்தது. ஓடெல் முகாமுக்கு மேலே ஏறி, சீட்டியடித்தும் கூவியும் பார்த்தார், மறுமொழி இல்லை. அடிவார முகாமில் காற்றழுத்தம் ஏறத்தாழ 18 மில்லிபார் இறங்கியதைப் பிற்கால ஆய்வாளர்கள் சாமர்வெல் தொகுத்த வானிலைப் பதிவுகளிலிருந்தே கண்டுபிடித்தார்கள். அவ்வளவு உயரத்தில் அந்த இறக்கம் மூச்சையே பறிக்கக் கூடியது.

1999 மே 1 அன்று 8,155 மீட்டரில் மல்லோரியின் உடல் கிடைத்தது. இடுப்பில் அறுந்த கயிறு, ஒடிந்த வலக்கால், உடுப்புப் பைக்குள் பனிக்கண்ணாடி. நார்ட்டன் பனிக்குருடால் தவித்ததைக் கண்ட மனிதர் பகலில் அதைக் கழற்றியிருக்க மாட்டார் என்பதால், இருட்டில்தான் விழுந்தார் என்கிறார்கள். நான் இதை ஏற்கிறேன், ஆனால் முழு மனதோடு அல்ல. புயலின் மங்கலிலும், உபரிக் கண்ணாடி இருந்தாலும் அதே காட்சிதான் கிடைக்கும். ஜூன் 2 அமாவாசை என்பதால் அன்று ஆறாம் நாள் பிறை நள்ளிரவை ஒட்டி மறைந்திருக்கும். முன்னிரவில் இறங்கியிருந்தால் சிறிது நிலவொளி இருந்திருக்கும். அவருடைய கைக்கடிகாரமும் பைக்குள்தான் இருந்தது, கண்ணாடி உடைந்து. அதை வைத்து நேரம் சொல்ல இயலவில்லை.

2024 செப்டம்பரில், எவரெஸ்ட்டின் வடமுகத்துக்குக் கீழே உள்ள மத்திய ரோங்புக் பனியாற்றில் ஒரு பூட்ஸும் பாதமும் கிடைத்தன; காலுறையில் இர்வினின் பெயர் தைக்கப்பட்டிருந்தது. அவருடைய உடலின் மற்ற பகுதி கிடைத்ததாக உறுதியான தகவல் இல்லை. அவர்கள் கொண்டுபோன கோடக் கேமராவும் இதுவரை கிடைக்கவில்லை. அதை மல்லோரிக்கு இரவல் கொடுத்தவர் சாமர்வெல்.